கள்ளியும் சதைப்பற்றுச் செடிகளும்: இனம் காண்பதும் வளர்ப்பதும்

நர்சரியில் ஒரு தட்டு நிறையச் சிறு தொட்டிகளை அடுக்கி, எல்லாவற்றுக்கும் பொதுவாக 'கேக்டஸ்' என்று ஓர் அட்டையைச் செருகியிருப்பார்கள். அந்தத் தட்டில் மெக்சிகோவின் பாறைச் சரிவைப் பூர்வீகமாகக் கொண்ட செடி இருக்கும். மடகாஸ்கரின் முட்புதர் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலில் ஒடுங்கி வாழ்வது இருக்கும். பிரேசில் காட்டில் மரக்கிளையைப் பற்றி வளர்வதும் இருக்கும். நான்குக்கும் வெயில் வேறு, தண்ணீர் வேறு, ஓய்வுக் காலம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கில் ஊற்றினால் ஒன்று தழைக்கும், அடுத்தது அழுகும்.

அதனால்தான் இந்த அத்தியாயம் இனம் காண்பதில் தொடங்குகிறது. பெயர் தெரிந்தால் பூர்வீகம் தெரியும். பூர்வீகம் தெரிந்தால் எப்போது ஊற்றுவது, எப்போது நிறுத்துவது என்பது தெரியும். வீட்டுத் தொட்டியில் இந்தச் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவது அரிது. மண் காய வழியில்லாமல் சாவதே வழக்கம். இதை மனதில் நிறுத்திக்கொண்டால் மற்றவை எளிது.

முதல் சோதனை: முள் எங்கிருந்து முளைக்கிறது?

சதைப்பற்றுச் செடி என்பது ஒரு குடும்பத்தின் பெயர் அல்ல. இலையிலோ தண்டிலோ வேரிலோ தண்ணீரைச் சேமித்துவைக்கும் செடிகள் எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர். சோற்றுக் கற்றாழை, பிரண்டை, ரணகள்ளி, பருப்புக்கீரை, பத்துமணிப்பூ எல்லாம் அதில் அடக்கம். கேக்டஸ் அப்படியல்ல, அது கேக்டேசி என்ற ஒரே குடும்பம்.

அந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டுவது முள் அல்ல, முள் முளைக்கும் இடம். கேக்டஸின் தண்டைக் கிட்ட வைத்துப் பாருங்கள். வரிசையாகச் சிறு சிறு பஞ்சுப் புள்ளிகள் தெரியும். இவற்றை ஏரியோல் என்பார்கள். முள், பூ, புதுக்கிளை மூன்றும் இந்தப் புள்ளியிலிருந்துதான் வரும். முள்ளே இல்லாத கேக்டஸிலும் ஏரியோல் இருக்கும். கேக்டஸ் அல்லாத செடியில் எவ்வளவு முள் இருந்தாலும் ஏரியோல் இருக்காது.

பழகிக்கொள்ள நம் ஊர் வேலியோரமே போதும். சப்பாத்திக் கள்ளியின் தட்டையான மடலில் புள்ளி புள்ளியாக ஏரியோல்கள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் சில பெரிய முட்கள் கிளம்பும். அது அமெரிக்காவிலிருந்து வந்த உண்மையான கேக்டஸ். சதுரக்கள்ளியில் விளிம்பு நெடுக முட்கள் இரண்டிரண்டாக இருக்கும், பஞ்சு இருக்காது, கீறினால் பால் வடியும். அது யூஃபோர்பியா, ஆமணக்கின் உறவு. திருகுகள்ளியும் இலைக்கள்ளியும் இதே யூஃபோர்பியா கூட்டம்தான். இரண்டு கூட்டத்துக்கும் தமிழில் கள்ளி என்ற பெயரே வழங்குவதால், பெயரை நம்பாமல் செடியைப் பாருங்கள்.

பாலை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். மாமில்லேரியா என்ற கேக்டஸ் பேரினத்தில் சில வகைகளுக்கும் பால் உண்டு. உருவத்தை வைத்தும் முடிவு கட்ட வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் யூஃபோர்பியா ஒபீசாவும் மெக்சிகோவின் ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸும் முள்ளில்லாத பச்சைப் பந்துகள்; பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்காள் தங்கை என்றே தோன்றும். ஆஸ்ட்ரோஃபைட்டத்தின் முதுகில் வரிசையாக ஓடும் பஞ்சுப் பொட்டுகள்தான் அது கேக்டஸ் என்று சொல்லும்.

சில கேக்டஸ்களை இலைச்செடி என்றே பலர் நினைத்திருப்பார்கள். இரவில் மலரும் நிஷாகந்தியை நம் ஊரில் பிரம்ம கமலம் என்று சொல்லிக் கொடுப்பதுண்டு. அது மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துக் காட்டுக் கேக்டஸ். எபிஃபில்லம் ஆக்சிபெடலம் என்பது அதன் பெயர். இமயமலையில் பூக்கும் பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி. நிஷாகந்தியில் இலை போலத் தெரிவது தட்டையான தண்டு. அதன் விளிம்பில் உள்ள பள்ளங்களைப் பாருங்கள். சின்னஞ்சிறு ஏரியோல்கள் அங்கே இருக்கும், மொட்டும் அங்கிருந்துதான் வரும். டிராகன் பழக் கொடியும் கேக்டஸ்தான். இலங்கையின் காடுகளில் மரங்களில் தொங்கும் ரிப்சாலிஸ் பேக்கிஃபெராவும் கேக்டஸே. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாகக் காணப்படும் கேக்டஸ் இனம் அது ஒன்றுதான்.

இலைச் சதைப்பற்றுகளைப் பிரித்தறிதல்

கேக்டஸும் யூஃபோர்பியாவும் போக, சந்தையில் நிறைய வருபவை இலையில் நீர் சேர்ப்பவை. அடிக்கடி குழப்பம் தரும் ஜோடிகள் இவை.

*கற்றாழையும் ஆனைக் கற்றாழையும்.* சோற்றுக் கற்றாழையை ஒடித்தால் உள்ளே கூழ். ஆனைக் கற்றாழையை ஒடிப்பதே சிரமம். உள்ளே நார், நுனியில் ஊசி போன்ற கடினமான முள். கற்றாழை பல முறை பூக்கும். ஆனைக் கற்றாழை பல ஆண்டுகள் வளர்ந்து, ஒரே முறை உயரமான தண்டு விட்டுப் பூத்து, பிறகு காய்ந்துபோகும்; சுற்றிலும் கன்றுகளை விட்டுச் செல்லும். பூத்த பின் அது காய்வது நோயல்ல. மருந்து அடித்துப் பயனில்லை, கன்றுகளைப் பிரித்து நடுங்கள்.

*ஜேட் செடிகள்.* நம் நர்சரிகளில் ஜேட் என்று கொடுப்பது பெரும்பாலும் போர்ச்சுலகேரியா அஃப்ரா. இலை விரல் நகம் அளவு, இளந்தண்டு செம்பழுப்பு. உண்மையான ஜேட் கிராசுலா ஒவாட்டா. அதன் இலை பெரியது, தடித்தது, தண்டும் பருத்தது. இரண்டும் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவை என்றாலும் நம் சமவெளி வெக்கையைப் போர்ச்சுலகேரியா நன்றாகத் தாங்கும். கிராசுலாவுக்குக் கோடையில் நண்பகல் நிழலும் குறைந்த தண்ணீரும் வேண்டும்.

*ஹவோர்த்தியாவும் சிறு கற்றாழைகளும்.* கரும்பச்சை இலையில் வெள்ளை வரிகளோடு கைப்பிடி அளவில் இருப்பவை பெரும்பாலும் ஹவோர்த்தியா வகை. இவை புதர் நிழலில் வாழ்பவை. நேர்வெயிலில் சிவந்து சுருங்கும். ஜன்னலோரத்துக்கு இவற்றைப் போல ஏற்றவை குறைவு.

*ரோஜா வடிவச் செடிகள்.* இதழ் இதழாக அடுக்கியவை எல்லாம் எச்சிவேரியா அல்ல. எச்சிவேரியா மெக்சிகோ மலைகளைச் சேர்ந்தது. செம்பர்விவம் ஐரோப்பாவின் குளிர்மலைச் செடி. கிராப்டோபெடலம் வெக்கையைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், சாம்பல் பூத்த நிறம். சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். காரணம் அடுத்த பகுதியில்.

இரவு வெப்பம்: நம் ஊரின் உண்மையான சவால்

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கும். கேக்டஸும் பெரும்பாலான சதைப்பற்றுச் செடிகளும் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தணிந்த இரவில் திறக்கும். வாங்கிய வாயுவை அமிலமாகச் சேமித்துவைத்து மறுநாள் வெயிலில் உணவாக்கும். இதனால் ஆவியாகும் நீர் மிகக் குறைவு. ஆனால் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்க இரவு குளிர வேண்டும்.

பாலைவனத்திலும் உயரமான மலைகளிலும் பகல் கொதித்தாலும் இரவு குளிரும். சென்னையில் மே மாத இரவில் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் வரிசையாக வரும். அப்போது மலைச்செடிகளான எச்சிவேரியாவும் செம்பர்விவமும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். செடி வாடுகிறதே என்று அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றினால், உறிஞ்சாத வேரைச் சுற்றி வெந்நீர் தேங்கியது போலாகி இரண்டே நாளில் தண்டு கருத்துவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் இதே செடிகள் செழிப்பாக இருப்பதற்கு அங்குள்ளவர்களின் கைராசி காரணமல்ல. இரவுக் குளிர்தான் காரணம்.

ஆகவே கடற்கரை ஊர்களிலும் சமவெளியிலும் இருப்பவர்கள் தொடக்கத்தில் வெக்கை நாட்டுச் செடிகளையே தேர்ந்தெடுங்கள். அடினியம், யூஃபோர்பியா மிலி, போர்ச்சுலகேரியா, தண்டு உயரும் சீரியஸ் கேக்டஸ், மாமில்லேரியா, ஜிம்னோகேலிசியம், பொன்முட் பந்து கேக்டஸ் ஆகியவை நல்ல தொடக்கம்.

மண் கலவை

தொட்டி மண்ணில் பாதிக்கு மேல் நீரைப் பிடித்து வைக்காத கரடுமுரடான பொருள் இருக்க வேண்டும். எளிதில் கிடைப்பவற்றை வைத்து ஒரு கலவை:

- செம்மண் அல்லது தோட்ட மண்: 1 பங்கு
- சலித்த செங்கல் துண்டு (கடலைப்பருப்பு அளவு) அல்லது பியூமிஸ் கல்: 2 பங்கு
- கழுவிய பருமணல்: 1 பங்கு
- நன்கு மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம்: அரைப் பங்கு
- கரித்துண்டு, வேப்பம்புண்ணாக்கு: ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி

எம்-சாண்ட் பயன்படுத்தினால் தூசி போகும்வரை பல முறை கழுவுங்கள். அந்தத் தூசி நனைந்தால் சிமெண்ட் போல இறுகும். தென்னை நார்க்கழிவு மட்டும் நிரப்பிய தொட்டியில் செடி வந்திருந்தால், ஓரிரு வாரத்தில் மண்ணை மாற்றுங்கள். நார்க்கழிவு ஈரத்தை விடாது.  அது இந்தச் செடிகளுக்கு ஆகாது.

கலவை சரியா என்று பார்க்க ஒரு தொட்டியில் நிரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே தேங்காமல் சில நொடிகளில் அடித்துளை வழியே ஓட வேண்டும். தேங்கினால் இன்னும் கல் சேருங்கள். கலவை மோசமாக இருந்துவிட்டு அடியில் மட்டும் கூழாங்கல் பரப்புவது உதவாது. நுண்ணிய மண் தான் நிறைந்து வழியும்வரை நீரைக் கல்லுக்குள் விடாது. ஈரம் வேருக்கு இன்னும் அருகில் நிற்கும்.

தொட்டி செடியைவிட இரண்டு விரல் அகலம் இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். சுட்ட மண்தொட்டி பக்கங்களிலும் ஈரத்தை வெளியேற்றும். மழை அதிகமான ஊர்களுக்கு அதுவே நல்லது. துளையில்லாத கண்ணாடி, பீங்கான் கிண்ணங்களை ஒதுக்குங்கள்.

தண்ணீர்

'வாரம் ஒருமுறை' போன்ற விதிகளை நம்ப வேண்டாம். தொட்டியே பதில் சொல்லும். ஓர் ஈர்க்குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகிச் சில நிமிடம் கழித்து உருவுங்கள். குச்சி சில்லென்றோ, மண் ஒட்டியோ இருந்தால் பொறுங்கள். உலர்ந்து வந்தால், அடித்துளையில் ஒழுகும்வரை நிறைய ஊற்றுங்கள். தினமும் ஒரு மடக்கு தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைக்கும்; ஆழத்தில் வேர் காயும், கழுத்தில் அழுகல் வரும். நிறைய ஊற்று, முழுதாகக் காயவிடு. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் தண்ணீர் விடும் முறை.

காட்டுக் கேக்டஸ்கள் இதற்கு விலக்கு. நிஷாகந்தி, ரிப்சாலிஸ், டிராகன் பழம் ஆகியவற்றுக்கு மேல்மண் காய்ந்ததும் ஊற்றலாம்; மட்கும் கூடுதலாக வேண்டும். டிராகன் பழத்துக்கு நல்ல வெயிலும், மற்ற இரண்டுக்கும் மரநிழல் வெளிச்சமும் போதும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுந்த ஊர்களில் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். மழைநீரைப் பிடித்துவைத்து அவ்வப்போது ஊற்றினால் உப்பு கரைந்து வெளியேறும்.

வெயில்

கிழக்குப் பார்த்த பால்கனி பெரும்பாலான செடிகளுக்குச் சிறந்த இடம்: காலை வெயில் கிடைக்கும், பிற்பகல் அனல் படாது. தமிழ்நாட்டில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே நிற்பதில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை அது தலைக்கு வடக்கே செல்கிறது. எனவே ஆண்டின் மற்ற மாதங்களில் நிழலாக இருக்கும் வடக்கு ஜன்னலில் கோடையில் நேர்வெயில் விழும். தெற்கு பால்கனிக்கு மார்கழியில்தான் அதிக வெயில். இதற்கேற்பத் தொட்டிகளை இடம் மாற்றுங்கள்.

வெளிச்சம் போதாத செடி மெலிந்து, வெளிறி, ஒரு பக்கம் சாய்ந்து நீளும். உருண்டைக் கேக்டஸின் உச்சி கூம்பாகும். நீண்ட பகுதி பழைய வடிவத்துக்குத் திரும்பாது. இனிமேல் வளர்வதைத்தான் திருத்தலாம். அதற்காக நேராக மொட்டை மாடி வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். தோல் வெந்து வெளிறிய தழும்பு விழும். இரண்டு மூன்று வாரம், நாளுக்குச் சற்றுக் கூடுதல் வெயிலாகப் பழக்குங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் சிறு செடிகளுக்கு 50 சதவீத நிழல்வலை போடுங்கள்.

பருவ நாட்காட்டி (சமவெளிக்கு)

*தை முதல் பங்குனி வரை:* வளர்ச்சிக் காலம். தொட்டி மாற்றவும், துண்டு நடவும், கன்று பிரிக்கவும் ஏற்ற நேரம். மாதம் ஒருமுறை, குறிப்பிட்ட அளவில் பாதியாகக் கரைத்த உரம் கொடுக்கலாம். தழைச்சத்து குறைந்த உரமாக இருக்கட்டும்.

*சித்திரை, வைகாசி:* தொட்டி மாற்றாதீர்கள். வெயில் தாழ்ந்தபின் தண்ணீர். ரோஜா வடிவச் செடிகளுக்குத் தண்ணீரை வெகுவாகக் குறையுங்கள்.

*ஆனி முதல் புரட்டாசி வரை:* மாலைநேர இடிமழைக்குத் தயாராக இருங்கள். அடினியம் நன்றாக வளரும். இரண்டாவது உரக் காலம்.

*ஐப்பசி முதல் மார்கழி வரை:* வடகிழக்குப் பருவமழை. பாலைவனக் கேக்டஸ்களைக் கூரைக்கடியிலோ, மேலே மட்டும் தாள் கட்டி நாற்புறமும் காற்று வரும் இடத்திலோ வையுங்கள். உரம் வேண்டாம். காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் குச்சிச் சோதனை இல்லாமல் ஊற்றவே வேண்டாம்.

பூச்சியும் அழுகலும்

முட்களுக்கிடையே வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. காதுகுடையும் பஞ்சுக்குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டு எடுங்கள். பரவலாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் எண்ணெய் படிந்தால் தோல் வேகும். காரணமில்லாமல் செடி சுருங்கினால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேரிலும் மாவுப்பூச்சி வரும்.

சப்பாத்திக் கள்ளி மடலில் உள்ள வெள்ளைப் பஞ்சை நசுக்கினால் இரத்தச் சிவப்பாகச் சாயம் வரும். அது கோச்சினில் பூச்சி. அதற்கு இந்திய வரலாற்றில் ஓர் இடம் உண்டு. சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது சாயத்துக்கு உதவாத வேறு இனம். அது ஒருவகைச் சப்பாத்திக் கள்ளியை அழிப்பதைக் கண்டு, 1836 முதல் 1838 வரை தென்னிந்தியாவில் வேண்டுமென்றே பரப்பினார்கள். பூச்சியைக் கொண்டு களையை ஒழித்ததில் உலகின் முதல் வெற்றியாக அது சொல்லப்படுகிறது. வேறொரு சப்பாத்திக் கள்ளிக்கு வேறொரு கோச்சினில் இனம் 1926இல் வந்தது. எல்லாச் சப்பாத்திக் கள்ளியையும் ஒரே பூச்சி அழிப்பதில்லை. பூச்சியையும் செடியையும் சரியாக இனம் காண்பதன் மதிப்பை இது காட்டுகிறது.

கேக்டஸின் அடிப்பகுதி பழுப்பாவதைக் கண்டதும் பயப்பட வேண்டாம். விரலால் அழுத்துங்கள். கட்டை போலக் கெட்டியாக இருந்தால் அது வயதின் அடையாளம். மெத்தென்று அமுங்கினால் அழுகல். உடனே, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால், வெட்டுமுகத்தில் செம்பழுப்புப் புள்ளியே இல்லாத இடம்வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். மிஞ்சிய நல்ல பகுதியை நிழலில் ஒன்றிரண்டு வாரம் உலரவிட்டு, காய்ந்த கலவையில் வைத்தால் வேர் விடும்.

பெருக்குதல்

எந்தத் துண்டையும் வெட்டிய உடனே நடாதீர்கள். காயம் உலர்ந்து தோல் கட்ட வேண்டும்: மெல்லிய தண்டுக்கு மூன்று நான்கு நாள், பருத்த கேக்டஸுக்கு ஒன்றிரண்டு வாரம். எச்சிவேரியா, கிராப்டோபெடலம் இலைகளை அடியோடு முழுதாகக் கழற்றி, மண்மேல் கிடத்தினாலே குருத்து வரும். பாதி கிழிந்த இலை வராது. யூஃபோர்பியா துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பாலை நிறுத்தி, பிறகு உலரவிடுங்கள்.

சிவப்பு, மஞ்சள் உருண்டை சூடிய சிறு கேக்டஸ்கள் ஒட்டுச் செடிகள். மேலே இருப்பது பச்சையம் இல்லாத ஜிம்னோகேலிசியம். கீழே டிராகன் பழ இனத் தண்டு. தனியாக நட்டால் மேல்பகுதி பிழைக்காது. கீழ்த்தண்டு நலிந்தால் புதிய தண்டில் மறுபடி ஒட்ட வேண்டும்.

கைக்கும் கண்ணுக்கும் காப்பு

யூஃபோர்பியா பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலோடு தற்காலிகமாகப் பார்வையே மங்கலாம். ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவி, தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். வெட்டும்போது கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். அடினியத்தின் சாறும் நஞ்சு. குழந்தைகளும் நாய், பூனைகளும் எட்டாத இடத்தில் இவற்றை வையுங்கள்.

சப்பாத்திக் கள்ளி இனங்களில் பெரிய முள்ளைவிடத் தொல்லை தருவது மயிர் போன்ற நுண்முள். முள்ளே இல்லாதது போலத் தோன்றும் முயல்காதுக் கேக்டஸில் இது நிறைய. தோலில் ஏறினால் தேய்க்காமல் ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தெடுங்கள். தொட்டி மாற்றும்போது செய்தித்தாளைப் பட்டையாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடியுங்கள்.

வாங்கும்போது

தண்டு கெட்டியாக இருக்க வேண்டும். கழுத்தில் கருமை கூடாது. முள்ளிடுக்கில் பஞ்சு கூடாது. மேலே சாயம் பூசிய செடிகளையும், உலர்பூவைப் பசையால் ஒட்டிய கேக்டஸ்களையும் தவிர்க்கவும். மேல்மண்ணில் கற்களைப் பசையிட்டு இறுக்கியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் அகற்றுங்கள். அதனடியில் மண் காயாது.

காட்டில் தோண்டிய செடியை வாங்காதீர்கள். வீடுகளில் எங்கும் காணும் பொன்முட் பந்து கேக்டஸ், அதன் சொந்த மண்ணான மெக்சிகோவில் அழியும் நிலையில் உள்ள இனம். விதையிலிருந்து நர்சரியில் எளிதாக வளர்வதால் காட்டுச் செடிக்குத் தேவையே இல்லை. நம் புதர்க்காடுகளில் வளரும் கள்ளிமுளையானுக்கும் இதே நியாயம் பொருந்தும். வளர்க்க ஆசையென்றால் ஏற்கெனவே வளர்ப்பவரிடம் ஒரு துண்டு கேளுங்கள். ஒரு துண்டே தொட்டி நிறையப் பரவும்.

வாங்கிய அன்றே ஒரு பட்டையில் செடியின் பெயர், பூர்வீகம், வாங்கிய மாதம் மூன்றையும் பென்சிலால் எழுதித் தொட்டியில் செருகுங்கள். பேனா மை வெயிலில் அழியும்; பென்சில் எழுத்து நிற்கும். பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் 'ஏரியோல் உண்டு, பால் இல்லை' என்றாவது எழுதிவையுங்கள். பூக்கும் நாளில் பூவைப் பார்த்துப் பெயரை உறுதி செய்யலாம். தண்ணீர்க் குவளையோடு தொட்டியருகே போகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டையைப் படித்து, குச்சியைச் செருகிப் பார்த்து, அதன்பின் ஊற்றுங்கள்.